யப்பான் சிறை முகாமிலிருந்து வந்த தபால் அட்டை, அதில் "தங்கச்சி" என்று ஒரு சொல்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

உவர்மலைப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பழைய விஷயங்களைத் தேடித் துருவுகிறவர்கள் கனபேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மம்மா போன பங்குனியில் காலமானார். அவருடைய பழைய வீடு திருக்கடலூரில், கடலுக்குக் கிட்ட. சுனாமிக்குப் பிறகுதான் எங்களோடு உவர்மலைக்கு வந்து இருந்தார். முப்பத்தொன்று முடிந்து அவருடைய றங்குப்பெட்டியைத் திறந்தபோது சேலைகளுக்கு அடியில், கோணேசர் கோயில் விபூதிப் பையோடு சேர்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தபால் அட்டை இருந்தது. ஒரு மூலையில் தண்ணீர் பட்ட கறை. 1990 இடப்பெயர்விலும் சுனாமியிலும் வீட்டில் எத்தனையோ போய்விட்டது. கலியாணப் படம்கூட மிஞ்சவில்லை. இந்த அட்டை மட்டும் எப்படித் தப்பியது என்று யோசித்தால், அவர் எங்கே ஓடினாலும் இதைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

அட்டையின் தலைப்பில் அச்சில் "இம்பீரியல் ஜப்பனீஸ் ஆர்மி" என்று இருக்கிறது. கீழே வரிகளும் அச்சடித்தவைதான், ஆங்கிலத்தில். நான் இன்ன இடத்தில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறேன், என் உடல்நிலை மிக நன்று, நான் கூலிக்கு வேலை செய்கிறேன் என்று. இடத்தின் பெயருக்கு விட்ட வெற்றிடத்தில் "தாய்லாந்து" என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே "தயவுசெய்து ______ ஐப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இன்னொரு வரி. அந்த வெற்றிடத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, "தங்கச்சி" என்று எழுதியிருக்கிறார். அவ்வளவுதான். கடைசியில் அன்பு என்ற அச்சு வரியும் கையொப்பமும்.

அதை எழுதியவர் அம்மம்மாவின் மூத்த தமையன். எங்களுக்குப் பெரிய மாமா. நாங்கள் யாரும் கண்டதில்லை, அம்மாகூடக் கண்டதில்லை. 1937 அளவில் மலாயாவுக்குப் போனவர், கோலாலம்பூரில் ரெயில்வே கந்தோரில் கிளாக்கர் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். "சண்டையில போயிட்டார்" என்பதற்கு மேல் அம்மம்மா எதுவும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தன் தகப்பனுக்குப் படைக்கும்போது பக்கத்தில் இன்னொரு இலை போடுவார். சின்ன வயதில் அது யாருக்கு என்று கேட்டிருக்கிறேன். "அண்ணைக்கு" என்பார். ஆள் இறந்ததாக ஒரு கடிதமும் வந்ததில்லை, இறந்த நாளும் தெரியாது, அதனால்தான் அமாவாசையில் வைத்தாரோ என்னவோ.

அட்டை கிடைத்ததிலிருந்து நான்கு மாதமாக யப்பானியரிடம் பிடிபட்ட கைதிகளைப் பற்றியே வாசித்துக்கொண்டிருக்கிறேன். பகலில் பள்ளிக்கூடம், இரவில் இது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது, கைதிகளை அங்கே சாங்கி முகாமில் அடைத்தது, அங்கிருந்து சாமான் ரெயில் பெட்டிகளில் ஏற்றித் தாய்லாந்தின் பான்பொங் வரை கொண்டுபோனது, பர்மா வரை 415 கிலோமீற்றர் ரெயில் பாதை, 1943 மழைக்காலத்து வாந்திபேதி, எல்லாம் வாசித்தேன். ஒரு அறுபதாயிரம் வெள்ளைக்காரக் கைதிகள், அதில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. யார் எந்த முகாமில் எந்த நாளில் செத்தான் என்பதுவரை இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் என்று வரும்போது எல்லாப் புத்தகத்திலும் ஒரு பந்தி, கூடினால் இரண்டு. "பெருந்தொகை" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் வாசிப்பு நின்றுவிடுகிறது. அந்தப் பெருந்தொகைக்குள் எங்கள் பெரிய மாமா நிற்கிறாரா, அல்லது பெயர் எழுதிவைத்த பக்கத்தில் நிற்கிறாரா?

நான் கேட்க வந்தது இதுதான். ரெயில்வே கிளாக்கர் ஒருவருக்கு, இலங்கைத் தமிழருக்கு, இப்படி அச்சடித்த இராணுவ அட்டை எப்படிக் கிடைத்திருக்கும்? தோட்டத் தொழிலாளருக்கும் இதைக் கொடுத்தார்களா? எங்கே தேடலாம்? திருகோணமலையில் வேறு வீடுகளிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா? நிலாவெளி வீதியில் உப்புவெளிக்குக் கிட்ட இருக்கிற யுத்த மயானத்தை நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் வெள்ளைக்காரரின் பூந்தோட்டம் என்று நினைத்துக் கடந்த ஆள். போன கிழமைதான் முதன்முதலாக உள்ளே போய் ஒவ்வொரு கல்லாக வாசித்தேன். அவர் அங்கே இருக்கமாட்டார் என்று தெரிந்தும் வாசித்தேன்.

---

சீனக்குடாக்காரன் எழுதியது:

பிள்ளை, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்கு எழுபத்தாறு வயது. கைதிகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் அந்த அட்டை வந்து சேர்ந்த காலத்துத் திருகோணமலையைப் பற்றி அப்பா சொல்லிக் கேட்டதைச் சொல்கிறேன், உங்களுக்கு எங்காவது உதவும்.

அப்பா டொக்யாட்டில், அதாவது கடற்படையின் கப்பல் திருத்தும் துறையில், பொருத்துநர். 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை, சித்திரை வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. காலை ஏழு மணி தாண்டி யப்பான்காரன் வந்துவிட்டான். நூற்றுக்கும் மேலே விமானம். சீனக்குடா விமானத் தளத்துக்கும் டொக்யாட்டுக்கும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கும் போட்டான். சாகைங் என்ற கப்பல் எரிந்தது. அதைப் பிறகு துறைமுகத்துக்குள்ளேயே தாழ்த்தி இறங்குதுறைபோலப் பாவித்தார்கள், 2018 இல்தான் நம் கடற்படை அதைத் தண்ணீருக்கு மேலே எடுத்தது. நான் போய்ப் பார்த்தேன். எண்ணெய்க் குதம் ஒன்றின்மேல் ஒரு விமானம் நேரே வந்து விழுந்து அது நாட்கணக்கில் எரிந்தது என்று அப்பா சொல்வார். அந்தக் குதம் இருந்த இடத்தில் உருகிச் சுருண்ட இரும்பை இப்போதும் காணலாம்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. ஊர் காலியாகிவிட்டது. மாட்டுவண்டியிலும் நடையிலும் தம்பலகாமம், மூதூர்ப் பக்கம், யாழ்ப்பாணம் என்று ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர எல்லோரும் தம்பலகாமத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார்கள், வருடப்பிறப்புக்குக் கைவிசேடம் வாங்கியது வயல் வாடியில் என்று மாமி இப்போதும் சொல்வார். பர்மா அரிசி நின்றுபோய் கூப்பன் வந்து, சோறு தின்ற சனம் கோதுமை மாவுக்கு மாறிய காலம் அது. அந்த நேரத்தில் திருகோணமலை விலாசத்துக்கு வந்த கடிதங்கள் எங்கெங்கே சுற்றியிருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் பெரிய மாமா ஒன்றுக்கு மேல் அட்டை எழுதியிருக்கவும் கூடும், உங்களிடம் வந்தது அதில் ஒன்று. அட்டையில் விலாசம் என்ன எழுதியிருக்கிறது, திருக்கடலூர்தானா, அல்லது வேறு யாருடைய பொறுப்பிலோ என்று பாருங்கள்.

இன்னொன்று. இலங்கைக்கும் இந்தக் கைதிக் கதைக்கும் நேரே ஒரு தொடர்பு இருக்கிறது, அதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. யப்பான் கப்பற்படை வருகிறது என்று முதலில் கண்டு சொன்னவர் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி. ஏப்ரல் 4 அன்று கொக்கலையிலிருந்து கற்றலினா விமானத்தில் போய், கப்பல்களைக் கண்டு, வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு விழுத்தினார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு பிடிபட்டு 1945 வரை யப்பானில் கைதியாக இருந்தார்கள். இலங்கையைக் காத்தவர் என்று அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். அந்த மூன்றரை வருடம் அவர் எங்கே கிடந்தார் என்பதை நான் அறுபது வயதுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

1945 ஓகஸ்ட் கடைசியில் சிங்கப்பூரைத் திரும்ப எடுக்கக் கப்பல்கள் புறப்பட்டது நம் துறைமுகத்திலிருந்தும்தான். அப்பா வேலை முடிந்து நின்று பார்த்ததாகச் சொல்வார். உங்கள் பூட்டன் பூட்டியும் அன்று திருக்கடலூர்க் கரையில் நின்று பார்த்திருப்பார்களோ என்று இன்று நினைத்துக்கொண்டேன்.

---

மட்டுநகரான் எழுதியது:

அக்கா, எங்கள் பக்கத்தில் அதே நாளில்தான் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் தாழ்ந்தது. முதல்நாள் இரவு குண்டுக்குத் தப்பத் திருகோணமலையிலிருந்து வெளிக்கிட்ட கப்பல், மட்டக்களப்புக் கடலில் மாட்டியது. 307 பேர் போனார்கள். வாவிக்கரைப் பெரியவர்கள் இப்போதும் அதைக் கதைப்பார்கள். கைதி அட்டை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் "தங்கச்சி" என்ற சொல்லை வாசித்துவிட்டுப் பிறகு என்னால் வேலை செய்ய முடியவில்லை. அட்டையைத் தயவுசெய்து பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வியர்த்து ஒட்டிப் பிடிக்கும். அமிலமில்லாத தாள் உறை கொழும்பில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் நான் வாங்கி அனுப்புகிறேன்.

---

பழங்காகிதம் எழுதியது:

சகோதரி, நான் இலண்டனில் இருக்கிறேன், சொந்த ஊர் பாலையூற்று. வேறொரு குடும்பத்துக்காக இந்தக் கைதி ஆவணங்களைக் கொஞ்சம் தோண்டியிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அட்டையைத் திருப்பி விலாசப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே எங்காவது சித்திர எழுத்து நான்கு, அச்சாகவோ பெட்டிக்குள் முத்திரையாகவோ இருக்கும். அதற்குப் "போர்க்கைதித் தபால்" என்று பொருள். பக்கத்தில் வட்டமாகவோ நீள்சதுரமாகவோ சின்ன முத்திரை ஒன்று இருந்தால் அது முகாமில் கடிதம் வாசித்த அதிகாரியுடையது. இந்த இரண்டும் இருந்தால் உங்கள் பெரிய மாமாவை யப்பான் இராணுவம் கூலியாக அல்ல, பிடிபட்ட சிப்பாயாகக் கணக்கில் வைத்திருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு இப்படி ஒரு அட்டையும் கொடுக்கவில்லை. அவர்களுக்கு இலக்கமும் இல்லை, தபாலும் இல்லை, பதிவும் இல்லை. நீங்கள் வாசித்த புத்தகங்களில் அவர்கள் ஒரு பந்தியாகச் சுருங்கியதற்குப் பெரிய காரணம் இதுதான். கணக்கெழுதுகிறவனுக்கு எடுத்து எண்ண ஒரு அட்டைகூட விட்டு வைக்கவில்லை.

கிளாக்கர் எப்படிச் சிப்பாயானார் என்றால், மலாயாவில் தொண்டர் படைகள் இருந்தன. கூட்டு மலாய் மாநிலங்களுக்கு ஒன்று, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஒன்று. கந்தோரில் வேலை செய்கிறவர்கள் மாலையிலும் வார இறுதியிலும் பயிற்சிக்குப் போவார்கள். வெள்ளையர் மட்டுமல்ல, மலாய்க்காரர், சீனர், யூரேசியர், நம் ஆட்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். 1941 டிசம்பர் 8 இல் யப்பானியர் கோத்தபாருவில் இறங்கியதும் இவர்களையும் முழுநேரமாக அழைத்துவிட்டார்கள். பின்வாங்கி வரும் வழியில் உள்ளூர் ஆட்கள் பலரைச் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அதில் ஒன்றைக் கவனியுங்கள்: வீடு கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ இருந்தவன் போவான். வீடு திருகோணமலையில் இருப்பவன் எங்கே போவான்? இது என் ஊகம்தான், ஆனால் உங்கள் அட்டையைப் பற்றி வாசித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இது.

இந்திய இராணுவத்தில் இருந்திருப்பாரோ என்றும் கேட்கலாம். அப்படியென்றால் தாய்லாந்து பொருந்தாது. பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை 1942 பெப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபாரர் பார்க் திடலில் வேறாகப் பிரித்துவிட்டார்கள். அதில் பெருந்தொகையானோர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள், சேராதவர்களில் பலரைக் கப்பலில் நியூகினிப் பக்கம் வேலைக்குக் கொண்டுபோனார்கள். சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) பாதைக்குப் போனவர்கள் சாங்கியில் பிரித்தானியரோடு அடைபட்டவர்கள். தொண்டர் படையினர் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

இனித் தேடுவது. இங்கே இலண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கிற பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ ஓ 345 என்று ஒரு தொடர் இருக்கிறது. ஒவ்வொரு கைதிக்கும் யப்பானியர் எழுதி வைத்த சுட்டி அட்டைகள், ஐம்பதாயிரத்துக்கு மேல். பெயர், படைப்பிரிவு, பிடிபட்ட இடமும் நாளும், முகாம், தொழில், சொந்த ஊர், செய்தி அனுப்ப வேண்டிய விலாசம், இவற்றோடு தகப்பன் பெயர், தாய் பெயர் என்றும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நம் ஆட்களைத் தேடும்போது தகப்பன் பெயர்க் கட்டம்தான் பெரிய உதவி. வெள்ளைக்கார எழுத்தர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக நினைத்து முன்னே போட்டிருப்பார், அல்லது முதலெழுத்தை விட்டிருப்பார், "ழ"வை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார். ஒரே மனிதர் மூன்று ஆவணத்தில் மூன்று பெயரில் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். அதனால் பெரிய மாமாவின் பெயரையும் பூட்டனின் பெயரையும் எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாமோ அத்தனையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு திடீரென்று கண்டு அதிரக்கூடாது. சில அட்டைகளின் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இழுத்திருக்கும். பெரும்பாலும் அது ஆள் முகாமில் இறந்ததற்கான அடையாளம்.

ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆவணப் பகுதிக்கும் எழுதலாம், காசு கேட்கமாட்டார்கள். ஆனால் வருடத்தில் சில தடவை மட்டும் திறந்து, ஒரு எண்ணிக்கை வரை விண்ணப்பம் எடுத்து மூடிவிடுவார்கள், திறக்கும் நாளைப் பார்த்திருந்து அன்றே போட வேண்டும். பொதுநலவாய யுத்த மயான ஆணைக்குழுவின் தளத்தில் இன்றைக்கே தேடலாம். தாய்லாந்தில் இருக்கிற காஞ்சனபுரி மயானத்தில் மட்டும் கிட்டத்தட்ட ஏழாயிரம் பேர். கல்லறை கிடைக்காதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவர்களில் இருபத்துநாலாயிரத்துக்கு மேல் வெட்டியிருக்கின்றன. படைப்பிரிவின் பெயரைப் போட்டுச் சலித்தால் தமிழ்ப் பெயர்கள் கண்ணில் படும்.

---

ஈப்போ மணியம் பேரன் எழுதியது:

அக்கா, நான் மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். பழங்காகிதம் அண்ணன் சொன்னதோடு இந்தப் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

எங்கள் தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், தமிழ்நாட்டு வம்சம். அவருடைய தம்பி சயாமுக்குப் போனவர். போனார் என்று சொல்லக்கூடாது, கொண்டுபோனார்கள். முதலில் நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், அரிசி கிடைக்கும் என்றார்களாம். தோட்டத்தில் வேலையும் இல்லை சோறும் இல்லை, மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த சனம், நம்பி ஏறியது. ஏறியவர்கள் திரும்பாததைக் கண்டு யாரும் வராமல் போனதும் சந்தையிலும் கள்ளுக்கடையிலும் நின்றவர்களைச் சுற்றி வளைத்து லாரியில் ஏற்றினார்கள். ஆசியத் தொழிலாளர்கள் எல்லாமாக இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும், செத்தவர்கள் தொண்ணூறாயிரம் அளவில் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது அவர்களுடைய சொந்த டாக்டர்கள் கூட இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்ல ஆள் இருந்தது, கட்டுப்பாடு இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அதுவும் இல்லை. வாந்திபேதி வந்த கூடாரத்தை அப்படியே கொளுத்தியதாகத் திரும்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தாத்தாவின் தம்பி திரும்பி வரவில்லை.

அப்புறம் ரயில்வே விஷயம். உங்கள் பெரிய மாமா ரயில்வே ஆள் என்பதால் சொல்கிறேன். அந்தக் காலத்து மலாயா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் என்று பார்த்தால் யாழ்ப்பாணத்து ஆட்கள், இலங்கை ஆட்கள்தான். எங்கள் ஊரில் அவர்களைச் சிலோன்காரர் என்போம். ஜப்பான்காரன் சயாம் பாதைக்குத் தண்டவாளம் போதாமல் எங்கள் கிழக்குக் கரை ரயில் பாதையையே, மெந்தகாப்பிலிருந்து குவாலா கிராய் பக்கம் வரை, பிடுங்கிக்கொண்டு போனான். உங்கள் மாமா கோலாலம்பூர் அலுவலகத்தில் இருந்து கணக்கெழுதிய அதே தண்டவாளத்தை அவரே சயாம் காட்டில் தோளில் சுமந்திருக்கலாம் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

சரி, உதவிக்கு வருகிறேன். கோலாலம்பூரில் சிலோன் தமிழர்கள் கட்டிய முருகன் கோயில்களும் சங்கங்களும் இருக்கின்றன. பழைய உறுப்பினர் புத்தகம், நன்கொடைப் புத்தகம் எல்லாம் சில இடங்களில் பத்திரமாக இருக்கிறது. 1937க்கும் 41க்கும் இடையில் திருகோணமலை என்று ஊர் போட்ட பெயர் அவற்றில் அதிகம் இருக்காது, யாழ்ப்பாணம்தான் நிறைய. அதனால் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். பெயரை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், அடுத்த மாதம் நானே போய்ப் பார்க்கிறேன்.

2023இல் காஞ்சனபுரியில் ஒரு பௌத்த கோயில் வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள். அதே வளாகத்தில்தான் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த ஒரு தூபியும் இருக்கிறது. நான் போய் தாத்தாவின் தம்பிக்கு ஒரு சூடம் ஏற்றிவிட்டு வந்தேன். அங்கே பெயர்ப் பட்டியல் கிடையாது. நான் மட்டும் அவர் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

---

உவர்மலைப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகப் பதில் எழுத முடியவில்லை, காரணம் சொல்கிறேன்.

பழங்காகிதம் அண்ணா, நீங்கள் சொன்னதை வாசித்த உடனே அட்டையைத் திருப்பினேன். ஊதா நிறத்தில் நீள்சதுரப் பெட்டி, அதற்குள் நான்கு எழுத்து. பக்கத்தில் சிவப்பில் சின்ன முத்திரை. இத்தனை மாதமும் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். சீனக்குடா ஐயா கேட்ட விலாசமும் பார்த்தேன். திருக்கடலூர் என்று எழுதி, அதை யாரோ மையால் வெட்டி, கீழே வேறு கையெழுத்தில் தம்பலகாமம் என்று போட்டிருக்கிறது.

அதை எடுத்துக்கொண்டு அம்மாவின் சின்னம்மா முறையான ஒருவரைப் பார்க்கப் போனேன். அம்மம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, தொண்ணூறு வயது, கண் மங்கல், ஞாபகம் நல்ல தெளிவு. அட்டையைக் கையில் கொடுத்ததும் தடவிப் பார்த்துவிட்டு, "இதாலதான் உன்ர அம்மம்மா ரீச்சர் ஆனவ" என்றார்.

அவர் சொன்னது இது. பெரிய மாமா மலாயாவிலிருந்து மாதா மாதம் மணியோடர் அனுப்புவார், அதில்தான் அம்மம்மாவின் படிப்பு. 1941 மார்கழியோடு காசு நின்றுவிட்டது. குண்டு விழுந்து தம்பலகாமம் போனபோது அம்மம்மாவுக்குப் பதினொரு வயது, படிப்பும் நின்றது. திரும்பி வந்த பிறகும் பூட்டன் அனுப்பவில்லை, பெட்டைப் பிள்ளைக்கு இதுவரை படித்தது போதும், கையில் காசும் இல்லை என்றிருக்கிறார். 1944 இல் ஒரு நாள் இந்த அட்டை வந்திருக்கிறது. எழுதி ஒன்றரை வருடமாவது இருக்கும். ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் வாசிப்பித்திருக்கிறார்கள். தாயைப் பார்த்துக்கொள் என்று எழுதவில்லை, தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை, தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் இருக்கிறது என்று கேட்டதும் பூட்டன் இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லையாம். மூன்றாம் நாள் பூட்டியின் காதுத்தோட்டை அடகு வைத்து அம்மம்மாவைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். சின்னப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருத்தினார்கள், வெட்கத்தில் அழுதுகொண்டு போவார் என்றார். அம்மம்மா முப்பத்துநான்கு வருடம் படிப்பித்தவர். நானும் அம்மாவும் படிப்பிக்கிறோம்.

நான் வீட்டுக்கு வந்தும் இதை யாரிடமும் சொல்லாமல் இரவு முழுக்க இருந்தேன். அம்மாவுக்கு மறுநாள்தான் சொன்னேன்.

மட்டுநகர்த் தம்பி, பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்துவிட்டேன், இப்போதைக்கு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், உறை அனுப்பினால் காசு தருவேன், கட்டாயம் வாங்க வேண்டும். ஈப்போத் தம்பி, பெயரைத் தனிமடலில் அனுப்பிவிட்டேன். உங்கள் தாத்தாவின் தம்பியின் பெயரை எனக்கும் எழுதி அனுப்புங்கள், வருகிற ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் இலை போடும்போது அவருக்கும் சேர்த்துப் போடுகிறோம், அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

பழங்காகிதம் அண்ணா, பெரிய மாமாவின் பெயரை ஒன்பது விதமாகவும் பூட்டனின் பெயரை ஆறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஆணைக்குழுத் தளத்தில் இன்னும் தேடவில்லை, அம்மா பக்கத்தில் இருக்கும்போது தேட வேண்டும் என்று வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை இருவரும் இருந்து பார்ப்போம். நீங்கள் கியூவுக்கு அடுத்து எப்போது போவீர்கள்? சிவப்புக் கோடு இருந்தாலும் மறைக்காமல் படம் எடுத்து அனுப்புங்கள், நாள் தெரிந்தால் அந்தத் திதியில் செய்யலாம்.